வாரத்தில் ஆறு மணி நேரம்: சமையல், கால்பந்து, வாசிப்பு, அறிவியல், இசை ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நாற்பதை ஒட்டிய வயதில், வேலையும் குடும்பமும் ஓரளவு நிலைபெற்றபின், நெடுநாள் தள்ளிப்போட்ட ஆர்வம் ஒன்றை இனியாவது கையிலெடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. சிறுவயதில் பாதியில் நின்றுபோன பாட்டு வகுப்பு, கல்லூரி நாட்களோடு முடிந்துபோன கால்பந்து, வாங்கி அடுக்கியும் பிரிக்கப்படாத புத்தகங்கள், மொட்டைமாடியில் நின்று பெயர் தெரியாமல் பார்த்த விண்மீன்கள், அம்மாவின் கையில் வந்த ருசி தன் கையில் வராத குழம்பு என ஒவ்வொன்றும் அழைக்கிறது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் வேலைக்குப் போய்வருபவருக்குப் பயணமும் வீட்டுப் பொறுப்புகளும் உறக்கமும் போக வாரத்துக்கு ஆறு மணி நேரம் மிஞ்சினாலே பெரிது. அதை ஐந்தாகப் பங்கிட்டால் எதிலும் தொடக்க நிலையைத் தாண்ட முடியாது. ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற முடிவோடு இந்த ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எது மிகவும் பிடிக்கும் என்ற கேள்வி இங்கே அதிகம் உதவாது. ஐந்தும் பிடித்திருப்பதால்தானே குழப்பம் வந்தது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு. முதலாவது, கையில் இருக்கும் நேரம் எந்த வடிவில் இருக்கிறது என்பது: நாள்தோறும் அரை மணியாகச் சிதறிக் கிடக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கிடைக்கிறதா, அல்லது எப்போது கிடைக்கும் என்றே சொல்ல முடியாததா? இரண்டாவது, நாம் செய்யும் பிழையை நமக்கு யார் எடுத்துச் சொல்வார்கள் என்பது. நடுவயதில் தொடங்கிய பயிற்சிகள் பாதியில் நிற்பதற்குச் சோம்பலைக் காட்டிலும், தான் முன்னேறுகிறோமா என்று தெரியாத நிலையே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். பிழை தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். திருத்தம் தெரிந்தால் மறுநாளும் உட்காரத் தோன்றும். செலவு மூன்றாவது கேள்வி. இந்த ஐந்திலும் எளிய வழிகள் இருப்பதால் அதற்கு நான் அதிக எடை தரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு மிக விரைவாக விடை தருவது சமையல். ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் நாக்கு அந்தக் கணமே சொல்லிவிடும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். ஒரே ரசத்தைத் திரும்பத் திரும்ப வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பவர் விரைவில் தேறுகிறார். புளித்தண்ணீரின் பச்சை வாசனை போகக் கொதித்தபின் பருப்புத்தண்ணீரை விளாவி, நுரை கட்டி மேலெழும் நேரத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். இன்னொரு நாள் அதையே தளதளவென்று கொதிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மிளகின் மணமும் கொத்தமல்லியின் மணமும் இரண்டாவதில் எவ்வளவு போய்விட்டன என்பது அப்போது சொல்லாமலே விளங்கும். இட்லி மாவு இன்னும் கூர்மையான ஆசான். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அதே அளவு, மே மாதச் சென்னையில் இரவு முடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும். மார்கழியில் காலையிலும் அடங்கியே கிடக்கும். மாவைப் பொங்க வைப்பவை லூக்கோனாஸ்டாக் முதலான நுண்ணுயிர்கள். அவற்றின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. இதை அறிந்தவர் குளிர்நாளில் மாவை அடுப்படியின் வெதுவெதுப்பான மூலையில் வைப்பார்; கோடையில் ஆட்டும் நேரத்தையே தள்ளிவைப்பார்.

இருந்தாலும் சமையலை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. வீட்டில் அன்றாடம் சமைக்கும் பொறுப்பு ஏற்கெனவே யார்மேல் இருக்கிறதோ, அவர் தனக்கென மிஞ்சிய ஆறு மணி நேரத்தையும் அடுப்பின் முன்னால் கழிப்பது ஓய்வாகாது. பெரும்பாலான வீடுகளில் அவர் ஒரு பெண் என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். மாறாக, இதுவரை பிறர் சமைத்ததை உண்டு மட்டும் வந்தவருக்கு ஐந்திலும் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். கற்றுக்கொள்வதன் பலன் அவருக்கு மட்டுமன்றி வீட்டில் இன்னொருவருக்கும் அன்றே ஓய்வாகக் கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டை, காய் வாங்குவது முதல் பாத்திரம் கழுவி மேடை துடைப்பது வரை, முழுமையாக ஏற்றுக்கொள்வதுதான் அந்த ஆர்வத்தின் சரியான அளவு. விருந்தினர் வரும் நாளில் மட்டும் பிரியாணி செய்துவிட்டு அடுப்படியைப் பிறரிடம் விட்டுவருவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

கால்பந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். விளையாடுவதா, பார்ப்பதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குத் தனியாகப் பயிற்சி செய்ய இயலாது. ஒரே நேரத்தில் ஓய்வுள்ள பத்துப் பேராவது வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல்தரைகள் இன்று நகரங்களில் பெருகியிருப்பதால், ஐவர் ஆட்டத்துக்கு இடம் கிடைப்பது முன்பைவிட எளிது. ஆட்கள் சேர்வதுதான் கடினம். பல ஆண்டுகள் ஓடாமல் இருந்த உடம்பு, இருபது வயதின் நினைவை வைத்துக்கொண்டு திடீரென்று திரும்பினால், முழங்காலும் தொடையின் பின்தசையும் முதல் மாதத்திலேயே கேள்வி கேட்கும். ஆகவே மருத்துவரிடம் காட்டிக்கொண்டு, சில வாரங்கள் நடையும் மெதுவோட்டமுமாக உடம்பைப் பழக்கியபின்பே இறங்க வேண்டும். பார்ப்பவருக்கு வேறு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை மணிக்கு வருவதால் தொல்லையில்லை. ஆனால் ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான போட்டிகள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்குகின்றன, மறுநாள் வேலை கெடுகிறது. வாய்ப்புள்ளவர்கள் உள்ளூர் ஆட்டத்தை மைதானத்தில் போய்ப் பார்ப்பது மேல். கால்பந்தை உயிராகக் கொண்ட வியாசர்பாடியின் மாலைநேர ஆட்டமானாலும், 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற ‘சென்னையின் எஃப்.சி.’ அணி நேரு விளையாட்டரங்கில் ஆடும் ஆட்டமானாலும், நேரில் பார்க்கையில் தொலைக்காட்சி காட்டாத பாதி ஆட்டம் கண்ணில் படும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது பின்வரிசையினர் எப்படி ஒன்றாக முன்னேறுகிறார்கள், வாயிற்காவலர் எதைச் சொல்லிக் கத்துகிறார் என்பதையெல்லாம் அங்கேதான் காணலாம். ஏற்கெனவே ஒரு நண்பர் குழு ஆடிக்கொண்டிருந்தால் தயங்காமல் சேருங்கள். குழுவை நீங்களேதான் திரட்ட வேண்டும் என்றால், ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி தொலைபேசியிலேயே போய்விடும்.

வாசிப்பு இதற்கு நேரெதிரானது. யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை; செலவும் குறைவு. சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாராவும் 2010இல் கோட்டூர்புரத்தில் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கையில் நூல் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நேரத்தின் வடிவம் இங்கே பெரிதும் குறுக்கிடுகிறது. நாளுக்கு அரை மணியென்று பெரிய நாவலைப் படிப்பவர், நான்கு நாள் இடைவெளி விழுந்தால் பாத்திரங்களின் உறவுமுறையைத் தேடிப் பின்பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். நாவலுக்கு ஞாயிறு முழுவதையும் ஒதுக்கக்கூடியவருக்கே அது நிறைவாக அமையும். இன்னொரு குறை, வாசிப்பில் பிழையைச் சுட்டிக்காட்ட யாரும் இல்லாதது. தவறாகப் புரிந்துகொண்டே ஒரு நூலைக் கடைசிவரை மகிழ்ச்சியோடு படித்து முடித்துவிட முடியும்.

இந்த இரண்டு குறைகளுக்கும் சங்கப் பாடல்களில் ஒரு நல்ல வழி இருக்கிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலானவை நான்கு முதல் எட்டு அடிகள். அரை மணி நேரத்துக்கு ஒரு பாடல் சரியாக அமைகிறது. முதலில் பாடலை மட்டும் படித்து, யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த நிலம், எந்தப் பொழுது, அங்கே சொல்லப்பட்ட மரமோ பறவையோ அந்த உணர்ச்சிக்கு எப்படித் துணை நிற்கிறது என்று தனக்குப் பட்டதை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அதன்பின்பே உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட உரையைத் திறக்க வேண்டும். தோழி கூற்று என்று எழுதியிருப்போம். உரை அதைத் தலைவி கூற்று என்று சொல்லும். எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டதால் அந்தத் தவறு நேர்ந்தது என்று திரும்பப் போய்ப் பார்க்கையில் பாடல் மெல்லத் திறக்கிறது. உரையை முதலில் படித்துவிட்டுப் பாடலுக்கு வருபவர் இந்தப் பயனை இழந்துவிடுகிறார். ஆசிரியர் இல்லாமல், நேரமும் நிச்சயமில்லாமல் இருப்பவருக்கு இதைவிட ஏற்ற இலக்கியப் பயிற்சியை நான் அறியேன்.

அறிவியலை ஆர்வமாகக் கொள்வது என்றதும் நூல்களும் காணொளிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை நல்லவையே. ஆயினும் அவற்றோடு நின்றால் அது வாசிப்பின் ஒரு பிரிவாகவே அமைந்துவிடும். அறிவியலுக்கே உரிய இன்பம் நாமே பார்த்து, பதிந்து, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி, அது சரியா என்று ஒத்துப் பார்ப்பதில் இருக்கிறது. வீட்டிலிருந்தே அதைச் செய்ய வானமும் பறவைகளும் போதும்.

வானத்துக்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்பது தவறான எண்ணம். பத்து மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட சாதாரண இருகண் நோக்கியை மாடியின் கைப்பிடிச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பிடித்தால், வியாழனின் பக்கத்தில் அதன் நான்கு பெரிய நிலவுகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டது இவற்றைத்தான். ஒரு குறிப்பேட்டில் வியாழனுக்கு ஒரு வட்டமும் நிலவுகளுக்குப் புள்ளிகளுமாக ஒவ்வோர் இரவும் வரைந்துவர வேண்டும். முதல் சில நாட்கள் எந்தப் புள்ளி எந்த நிலவு என்று பிடிபடாது. ஒன்று காணாமற்போகும், இரண்டு நெருங்கி ஒன்றாகத் தெரியும். அயோ ஏறத்தாழ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. கலிஸ்டோவுக்குப் பதினாறே முக்கால் நாள் ஆகிறது. விரைந்து பக்கம் மாறும் புள்ளியும் தொலைவில் மெல்ல நகரும் புள்ளியும் வெவ்வேறு என்று படங்களை அடுக்கிப் பார்க்கையில் விளங்கும். பின்பு நாளை இரவு கலிஸ்டோ எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அது சரியா தவறா என்று வானமே சொல்லிவிடுகிறது. இந்தப் பயிற்சியில் திருத்துபவர் அதுதான்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புபவருக்குத் திருவாதிரை இருக்கிறது. மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில் சிவந்து ஒளிரும் அந்த விண்மீனின் ஒளி கூடிக்குறைவது. 2020 பிப்ரவரியை ஒட்டி அது வழக்கத்தைவிடப் பெரிதும் மங்கியதை வெறுங்கண்ணாலேயே உணர முடிந்தது. அதைவிட ஒளிமிக்க ஒரு விண்மீனையும், ரோகிணியைப் போல் அதைவிடச் சற்று மங்கலான ஒன்றையும் அளவாகக் கொண்டு அதன் ஒளியை மதிப்பிடும் முறை எளியது. 1911 முதல் இயங்கிவரும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் இத்தகைய மதிப்பீடுகளைத் திரட்டுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். தனக்காகச் செய்யும் பயிற்சி பிறர் அறிவுக்கும் உதவுவது, இந்த ஐந்தில் அறிவியலுக்கே உள்ள பெரிய சிறப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். மதராஸ் வானியல் ஆய்வுக்கூடத்திலிருந்து நார்மன் பாக்சன் 1861இல் ஆசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்த காலத்து இருள் இன்று சென்னை வானில் இல்லை. தெருவிளக்குகளுக்கு நடுவே பால்வீதியைத் தேடி ஏமாறுவதைவிட, நிலா, கோள்கள், ஒளிமிக்க விண்மீன்கள் ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் பல இரவுகளைக் கொண்டுபோய்விடும். மாடி இல்லாதவரும் இரவில் விழிக்க இயலாதவரும் பறவைகளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்புக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும். தெருமுனை வேப்பமரத்தில் மைனாவும் தேன்சிட்டும் செம்போத்தும் வருவதை ஆண்டு முழுவதும் குறித்துவைப்பவருக்கு அந்த நாட்களின் எண்ணிக்கை எளிதாக வரும்.

கர்நாடக இசை, ஐந்திலும் நேரத்தைப் பற்றி மிகக் கண்டிப்பானது. வாரத்துக்கு மூன்றரை மணி நேரத்தை நாளுக்கு அரை மணியாகச் செலவிடுபவர் தேறுகிறார். அதே மூன்றரை மணியை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பாடித் தீர்ப்பவருக்குத் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். சுருதியைக் குரலில் நிலைநிறுத்துவது அன்றாடப் பழக்கத்தால் மட்டுமே வரும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை (சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு), பெண்களுக்கு ஐந்தை ஒட்டி என்று சுருதியைக் குறித்துக் கொடுப்பது தொடங்கி, எல்லாவற்றுக்கும் ஒரு ஆசிரியர் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதை முதல் பாடத்திலேயே பார்க்கலாம். முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில் தொடங்குகிறது. தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் அது பதினைந்தாவது. அதில் சுத்த ரிஷபம் (ரி) சட்ஜத்துக்கு (ச) மிக அருகிலும், அந்தர காந்தாரம் (க) அதிலிருந்து எட்டியும் நிற்கின்றன. ஆதி தாளத்தில் கையைத் தட்டி முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாடும்போது ரிஷபம் இடத்தில் நிற்கிறது. இரண்டாம் காலத்தில் சற்றே மேலேறுகிறது. மூன்றாம் காலத்தில், வேகத்தைப் பிடிக்கும் கவனத்தில், அது அதைவிட உயர்ந்த சதுச்ருதி ரிஷபத்தை நோக்கி நழுவிவிடுகிறது. இறங்கி வருகையில் சட்ஜமும் கலைந்துபோகிறது. பாடுபவருக்கு இது கேட்பதே இல்லை. ஆசிரியர் பாட்டை நிறுத்தி, தம்புராவோடு அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் நீட்டிப் பிடிக்கச் சொல்லும்போதுதான் உரசல் காதில் படுகிறது. தன் குரலைப் பதிவு செய்து கேட்பது ஓரளவு உதவும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்த காது ஒன்று முதலில் வழிகாட்ட வேண்டும். காணொளியில் பாடம் நடத்துபவருக்கு நம் குரல் கேட்காது. ஆகவே இணையவழி வகுப்பானாலும் ஒருவருக்கு ஒருவராக, நாம் பாட அவர் கேட்டுத் திருத்துவதாக இருந்தால் மட்டுமே சேருங்கள்.

சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளும் அலங்காரமும் முடிந்து கீதத்துக்கு வரவே பெரியவர்களுக்குப் பல மாதங்கள் ஆகும். குழந்தைகளோடு சேர்ந்து உட்காரத் தயங்கி விலகுபவர்கள் இங்கேதான் அதிகம். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்காதவருக்கு இசை தருவதை மற்ற நான்கும் தருவதில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். பாட வரும் ஒரு ஸ்வரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கருவியோ நூலோ ஆட்களோ இல்லாத பேருந்து நிறுத்தத்திலும் அது கூடவே வருகிறது. கச்சேரியில் பாடகர் நெரவலில் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதில்) எடுக்கும் இடம் எவ்வளவு கடினமானது என்பது, சரளி வரிசை மட்டுமே பாடத் தெரிந்தவருக்கும் வேறு ஆழத்தில் புரிகிறது.

பாடக் கற்க இயலாதவருக்குக் கேட்டுக் கேட்டே இசையை அறியும் கேள்வி ஞானம் என்ற வழி உண்டு. அதையும் பயிற்சியாகவே செய்ய வேண்டும். கல்யாணி, சங்கராபரணம் ஆகிய இரு ராகங்களும் மத்தியமத்தில் (ம) மட்டும் வேறுபடுவன. 65ஆம் மேளமும் 29ஆம் மேளமும். இரண்டின் ஆலாபனைகளையும் பெயர் பார்க்காமல் மாற்றி மாற்றிக் கேட்டு, எது எது என்று எழுதிவைத்துச் சரிபார்க்கலாம். டிசம்பரில் சென்னைச் சபாக்கள் பலவற்றில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. வளரும் கலைஞர்கள் பாடும் அந்த அரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்து, ராகத்தை ஊகித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மூத்த ரசிகரிடம் கேட்டால், அவர் மகிழ்ந்து சொல்வார். நம் ஊகம் ஏன் தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இனி முடிவுக்கு வருகிறேன். வீட்டில் சமைக்காதவர் வேறெதையும் யோசிக்காமல் சமையலை எடுக்கட்டும். நாள்தோறும் மாறாத அரை மணியும், கேட்டுத் திருத்தும் ஆசிரியரும் அமைந்தவர்களுக்கு என் பரிந்துரை வாய்ப்பாட்டு. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதைத் தள்ளிவைப்பதே நேர்மை. மாறிமாறி வரும் பணிமுறையிலும் அடிக்கடி பயணத்திலும் இருப்பவர்களுக்குக் குறுந்தொகையோ பறவைகளோ பொருந்தும். இரவுகள் ஓய்வாக இருந்து மாடியும் வாய்த்தவருக்கு வானம். கால்பந்து, அழைக்கும் நண்பர்கள் உள்ளவர்களுக்கு. வாய்ப்பாட்டும் வானமும் இரண்டுமே பொருந்தி வருபவர் பாட்டை முதன்மையாகக் கொண்டு, வானத்தை வாரத்தில் ஒரே இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று விடியலிலும் மற்றது இரவிலுமாக அமைவதால் மோதல் வராது.

தொடங்கும் மாதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். அக்டோபரில் இருகண் நோக்கி வாங்கினால் மழையில் சும்மா கிடந்து ஆர்வம் ஆறிவிடும். அப்போது பாட்டு வகுப்பில் சேர்ந்தால், டிசம்பர்க் கச்சேரிகள் வரும்போது ஸ்வரங்கள் காதுக்குப் பழகியிருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிந்த வானம் கிடைப்பதால் நோக்கியை அப்போது வாங்கலாம். மே மாதத்தில் பகல்நேரக் கால்பந்து வேண்டாம். பாட்டு ஆசிரியரிடம் கட்டணம் செலுத்துவதற்கு முன், அவர் பெரியவர் ஒருவருக்கு நடத்தும் வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர் தவறும்போது அவர் தாமே பாடிக் காட்டிவிட்டு மேலே போகிறாரா, அல்லது மாணவரின் வாயில் அது சரியாக வரும்வரை அந்த இடத்திலேயே நிற்கிறாரா என்பதைக் கவனித்துவிட்டுச் சேருங்கள்.